தரைப்பாலத்தில் ஓர் ஆங்கில வகுப்பு

ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவருக்கே ஆங்கிலம் என்றால் பயம் இருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். எனக்கு இருந்தது. காஞ்சிபுரத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு சிறிய நர்சரி பள்ளியில் யூகேஜி பிள்ளைகளுக்கு நான் ஆங்கில மிஸ். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே வயிற்றில் ஒரு கனம் வந்து உட்கார்ந்துவிடும். அது பிள்ளைகளை நினைத்து வருவதல்ல. ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும், நான் தப்பாகச் சொன்னால் அதையே அழகாகத் திருப்பிச் சொல்லும். பயமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் காதுகளை நினைத்துத்தான்.

எங்கள் கரஸ்பாண்டன்ட் மேடம் வராந்தாவில் ஓசையில்லாமல் நடப்பவர். வகுப்பிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை அவர் காதில் விழுந்தால் அன்று மாலை அறைக்குக் கூப்பிடுவார். கத்தமாட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பார்.

"பேரன்ட்ஸ் எதுக்குமா நம்மகிட்ட கொண்டாந்து சேக்கறாங்க? தமிழ் பேச அவங்க வூட்லயே கத்துக்க மாட்டாங்களா?"

நான் தலையை ஆட்டிவிட்டு வருவேன்.

நான் படித்ததெல்லாம் தமிழ்வழியில். அப்பாவும் அம்மாவும் பிள்ளையார்பாளையத்தில் கூலிக்குத் தறி நெய்தார்கள். ஏனாத்தூரில் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், ஒவ்வொருவராக எழுந்து தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி சொல்லச் சொன்னார்கள். என் முறை வந்தது. எழுந்தேன். 'மை நேம் இஸ்' வரைக்கும் வந்தது. அதற்குமேல் என் பெயரே எனக்கு நினைவுக்கு வரவில்லை. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டேன், ஆனால் முழங்கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் ஆங்கிலத்தைப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை, மனப்பாடம் செய்யக் கற்றுக்கொண்டேன். மறுநாள் வகுப்பில் சொல்லவேண்டிய ஒவ்வொரு வாக்கியத்தையும் முந்தைய நாள் சமையலறையில் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அப்படிச் சொல்லும்போது வருவது என் குரல் அல்ல. கொஞ்சம் மெலிசாக, மேலே ஏறி, ஒவ்வொரு வார்த்தையையும் தனியாக எடுத்துவைக்கும் ஒரு குரல். என் கணவர் அதை 'மிஸ் குரல்' என்பார். "இப்ப பேசறது நீயா, மிஸ்ஸா?" என்று கேட்டுவிட்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.

பிள்ளைகளுக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. அந்தக் குரல் வந்தால் விளையாட்டு வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு செருப்புப் பெட்டியும் ஒரு ரப்பர் காக்காவும் வைத்திருந்தேன். காக்காவைப் பெட்டிக்குள் போட்டு "வேர் இஸ் த க்ரோ?" என்பேன். "இன் த பாக்ஸ்" என்று கத்துவார்கள். பெட்டிமேல் வைத்தால் "ஆன் த பாக்ஸ்". பெட்டியைக் கவிழ்த்து அதற்கடியில் ஒளித்தால் "அண்டர் த பாக்ஸ்". ஒரு முறை காக்காவை என் தலைமேல் வைத்துக்கொண்டேன். "ஆன் த மிஸ்" என்றார்கள். அன்று மேடம் ஜன்னலருகே நின்று கேட்டுவிட்டுப் போனார், மாலையில் என்னைக் கூப்பிடவில்லை.

அந்த வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். தாமலுக்கு அப்பால் ஒரு சின்ன ஊரிலிருந்து வேனில் வருவாள். விவசாயக் குடும்பம், வீட்டில் பேசுவது தெலுங்கு. மற்ற பிள்ளைகளின் தமிழ் வேகத்துக்கு அவளால் ஓட முடியாது. இடைவேளையில் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஆங்கில வகுப்பு தொடங்கிவிட்டால் முதல் கை அவளுடையது. அந்த மொழியில் மட்டும் எல்லாரும் அவளைப் போலவே தடுமாறினார்கள், அது அவளுக்குத் தைரியம் கொடுத்தது என்று நினைக்கிறேன். தப்பு சொன்னால் திருத்துவாள். என்னையும் சேர்த்துத்தான்.

அது கார்த்திகை மாதம். இரண்டு நாளாக விடாத மழை. கலெக்டர் லீவு விடுவார் என்று விடிந்ததிலிருந்து எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விடவில்லை. பிள்ளைகள் ரெயின்கோட்டும் நனைந்த பையுமாக வந்து சேர்ந்தார்கள். முதல் பீரியட் முடிவதற்குள் வானம் இருட்டிக்கொண்டு கொட்ட ஆரம்பித்தது. வகுப்பில் விளக்கைப் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினோம். மதியத்தோடு பள்ளியை விட்டுவிடச் சொல்லி அறிவிப்பு வந்தது.

மேற்குப் பக்கம் போகும் வேனில் எப்போதும் ஆயாம்மா துணைக்குப் போவார். அன்று அவர் தெருவிலேயே தண்ணீர் நின்றதால் வேலைக்கு வரவில்லை. மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கி ஒரு நாள் நீங்க போய்ட்டு வந்துடுங்கமா. ஒரு மணி நேரந்தான்."

எனக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. நீச்சல் தெரியாது. சின்ன வயதில் கோயில் குளத்தின் படியில் வழுக்கி, இடுப்பளவுத் தண்ணீரில் மூச்சுத் திணறியிருக்கிறேன். அதையெல்லாம் மேடத்திடம் சொல்லத் தோன்றவில்லை. அவரிடம் மாட்டேன் என்று சொல்வது தண்ணீரைவிடப் பெரிய பயமாக இருந்தது. "ஓகே மேடம்" என்றேன்.

டிரைவர் அண்ணன் ஐம்பதைத் தாண்டியவர். முன்பு லாரி ஓட்டியவர். பிள்ளைகளை ஏற்றும்போது ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு ஏற்றுவார். நெடுஞ்சாலையில் வைப்பர் வேலை செய்ததே தவிரக் கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. முசரவாக்கத்தில் சில பிள்ளைகளை இறக்கினோம். குடையோடு நின்ற ஓர் அம்மா, "தாமல் ஏரி கோடி போவுதாம் மிஸ், பாத்துப் போங்க" என்றார். ஏரி நிரம்பி, கொள்ளாத தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே விழுவதைத்தான் எங்கள் பக்கம் கோடி போவது என்பார்கள். ஊருக்கு அது சந்தோஷம். டவுனிலிருந்து பைக்கில் வந்து நின்று போட்டோ எடுப்பார்கள். நானும் அப்படிப் போய்ப் பார்த்தவள்தான். அன்று அந்த வார்த்தை என் காதில் வேறு மாதிரி விழுந்தது.

தாமலையும் தாண்டி உள்ளே திரும்பும்போது வேனில் ஏழு பிள்ளைகள் மிச்சம். அந்தச் சின்னச் சாலையின் நடுவே ஒரு தரைப்பாலம் உண்டு. கைப்பிடிச்சுவர் கிடையாது, ஓரத்தில் வெள்ளையடித்த கற்கள் மட்டும் நட்டிருக்கும். அன்று அந்தக் கற்கள் தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர் சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது.

டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தினார். "காலையில இங்க ஒண்ணுமே இல்லியே மிஸ்" என்றார்.

"திரும்பிடலாமா அண்ணா?"

அவர் பதில் சொல்வதற்குள் எதிர்க்கரையிலிருந்து ஒரு பைக் தண்ணீரில் இறங்கி, தள்ளாடி, எங்களைக் கடந்து போனது. ஓட்டியவர் கையை ஆட்டி, போகலாம் என்பது போலக் காட்டினார்.

"பைக்கே வருது பாருங்க. ஓரமா போவாம நட்டநடுவுல போனா போயிடலாம்" என்றார் அண்ணன். எனக்கு வேண்டாம் என்று இருந்தது. ஆனால் வண்டியைப் பற்றி அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வேன் இறங்கியது. பாதி தூரம் போயிருப்போம். அடியில் ஏதோ இருமியதைப் போல ஒரு சத்தம். எஞ்ஜின் நின்றது. அவர் சாவியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். எஞ்ஜின் நின்ற பிறகுதான் தண்ணீரின் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அதுவரை அது இவ்வளவு பெரிய சத்தம் என்று தெரியாது.

"சைலன்சர்ல தண்ணி பூந்துடுச்சி." அவர் என்னைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் எறங்கிப் போயி ஆளுங்களைக் கூட்டிக்கினு வரேன். கதவ மட்டும் தொறக்காதீங்க மிஸ். புள்ளைங்கள ஒரு பக்கமா சாய வுடாதீங்க."

முன்பக்கக் கதவைத் தள்ளி இறங்கினார். தண்ணீர் அவர் தொடைக்கு வந்தது. ஒரு கையை வேனில் ஊன்றி, பிறகு அதையும் விட்டு, தடுமாறிக்கொண்டே மழைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் மழை அவரை மறைத்துவிட்டது.

போனை எடுத்துப் பள்ளிக்கு அடித்தேன். மேடம் எடுத்தார். சொன்னேன். "பேனிக் ஆவாதீங்க. பேரன்ட்ஸ் யாருக்கும் போன் பண்ணாதீங்க" என்றார். ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லுங்கள் மேடம் என்று நான் சொல்லும்போதே லைன் அறுந்துவிட்டது. அவருக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. பிறகு சிக்னலே வரவில்லை.

ஒரு பையன் என் முந்தானையைப் பிடித்தான். "மிஸ், வண்டி ஏன் நிக்குது?"

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன். சொல்லும்போதே என் குரல் நடுவில் உடைந்தது.

அந்த உடைசல் பிள்ளைகளுக்கும் கேட்டது. ஒரு பெண்ணுக்கு உதடு பிதுங்க ஆரம்பித்தது. அம்மா 'ஒண்ணுமில்ல' என்று சொன்னால் ஏதோ இருக்கிறது என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தமிழில் என்ன சொன்னாலும் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அந்த இடத்தில் எனக்குப் புரிந்தது. இன்னொரு வார்த்தை தமிழில் பேசினால் நான் அழுதுவிடுவேன். நான் அழுதால் ஏழும் அழும். ஏழும் அழுதுகொண்டு என்மேல் வந்து விழுந்தால் வேன் சாயும்.

யோசித்துச் செய்யவில்லை. வாயிலிருந்து மிஸ் குரல் தானாக வந்தது.

"சில்ரன். சிட் ப்ராப்பர்லி. ஹேண்ட்ஸ் ஆன் யுவர் லேப்."

உட்கார்ந்தார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். பிதுங்கிய உதடு உள்ளே போனது. எனக்கே நம்ப முடியவில்லை. அந்தக் குரலில் நடுக்கம் இல்லை. எத்தனையோ சாயங்காலங்கள் சமையலறையில் தேய்த்துத் தேய்த்து வைத்த குரல், என் பயத்துக்கு அதற்குள் நுழைய வழி தெரியவில்லை. பிள்ளைகளுக்கும் அந்த மொழியில் பயப்படத் தெரியாது. நான் அவர்களுக்குக் காக்காவும் பெட்டியும் மட்டும்தான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

"வேர் இஸ் த வேன்?" என்றேன்.

"த வேன் இஸ் ஆன் த ரோட்."

"வெரி குட். வேர் இஸ் த ட்ரீ?"

ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். வேலமரம் ஒன்று பாதி முழுகி நின்றது. "ட்ரீ இஸ் இன் த வாட்டர்" என்றான் ஒருவன்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நாக்கு பழக்கத்தில் ஓடியது. "வேர் இஸ் த வாட்டர்?"

"அண்டர் த வேன்" என்று எல்லாரும் சொன்னார்கள்.

தெலுங்குக்காரச் சிறுமி கையைத் தூக்கினாள். தப்பைத் திருத்தும் முகம். "நோ மிஸ்" என்றாள். "இன் த வேன்."

அவள் காட்டிய இடத்தைப் பார்த்தேன். கதவின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒரு நாக்கைப் போல உள்ளே வந்திருந்தது. அதன்மேல் வைக்கோலும், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உருண்டையாக மிதந்த சிவப்பு எறும்புகளும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது என் செருப்பைத் தொட்டது. அதன் குளிர்ச்சி இன்றும் கால் விரலில் இருக்கிறது.

"யெஸ்" என்றேன். "வெரி குட். இன் த வேன்."

வேறென்ன சொல்வது? பைகளையெல்லாம் சீட்டின்மேல் எடுத்து வைத்தேன். "ஸ்டாண்ட் அப் ஆன் த சீட்" என்றதும் அவர்களுக்கு ஒரே சந்தோஷம். சீட்டில் ஏறி நின்றால் ஆயாம்மா திட்டுவார். இன்றைக்கு மிஸ்ஸே ஏறச் சொல்கிறார். இரண்டு பக்கமும் சரிசமமாகப் பிரித்து நிற்கவைத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இருப்பதிலேயே சின்னப் பையன் ஒருவன் வண்டி ஏறியதுமே தூங்கிப்போயிருந்தான். அவனை எழுப்ப மனம் வராமல் பைகளின்மேல் படுக்கவைத்தேன்.

தண்ணீர் என் கணுக்காலுக்கு வந்தது. பிறகு கெண்டைக்காலுக்கு.

அப்போது வேன் நகர்ந்தது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பின்பக்கம் மட்டும் யாரோ தோளைக் கொடுத்துத் தள்ளியது போல ஓரமாக நகர்ந்து, எதிலோ இடித்து நின்றது. ஓரத்தில் நட்ட கல்லாக இருக்கவேண்டும். அந்தக் கல்லுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். காலையும் மாலையும் அந்த வழியில் போகும் ஆயாம்மா சொல்லியிருக்கிறார், பாலத்துக்குப் பக்கத்தில் ஆள் முழுகும் பள்ளம் என்று.

பிள்ளைகள் சிரித்தார்கள். வண்டி ஆடியது அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது. ஏழு பேர், எனக்கு இரண்டு கை. யாரைப் பிடிப்பேன் என்று மனம் கணக்குப் போட்டது. தூங்குகிறவனையும் பக்கத்தில் நிற்கும் பெண்ணையும் பிடிக்கலாம். மற்றவர்கள்? அந்தக் கணக்கை என் மனம் போட்டது என்பதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

பேசுவதை நிறுத்தக்கூடாது என்று மட்டும் தோன்றியது. கிழமைகளைச் சொல்லவைத்தேன். மாதங்களைச் சொல்லவைத்தேன். நிறங்கள், பழங்கள், வீட்டு மிருகங்கள், காட்டு மிருகங்கள். எல்லாம் தீர்ந்துபோனது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான் என்பது போல ஒரு கணம் வாய் வெறுமையானது. பிறகு வந்தது, கல்லூரியில் முதல் நாள் எனக்கு வராமல் போன அந்த நாலு வரி. மை நேம் இஸ் என்று தொடங்கி என் பெயரைச் சொன்னேன். ஐ ஆம் ஃப்ரம் காஞ்சிபுரம் என்றேன். மை ஃபாதர் இஸ் எ வீவர். மை மதர் இஸ் எ வீவர்.

பிள்ளைகளுக்கு அது புதுப் பாடம். சீட்டின்மேல் நின்றபடி ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். "மை ஃபாதர் இஸ் எ வீவர்." அவர்களில் ஒருவனின் அப்பா கொத்தனார், இன்னொருத்தியின் அப்பா கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், தெலுங்குச் சிறுமியின் அப்பா நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர். எல்லாரும் நெசவாளி பிள்ளைகளாக மாறிக் கத்தினார்கள். தண்ணீர் சீட்டின் விளிம்பைத் தொட்டது.

"மிஸ்" என்று வெளியிலிருந்து டிரைவர் அண்ணன் குரல் கேட்டது.

நாலைந்து ஆண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கயிற்றின் மறுமுனையைக் கரையிலிருந்த பனைமரத்தில் கட்டியிருந்தார்கள். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் கதவைப் பாதி இழுத்து, உள்ளே பார்த்து, "பெருசுங்கள முன்ன குடுக்காதமா, சிறுசுங்கள முன்ன குடு" என்றார். தூங்கிக்கொண்டிருந்தவனை முதலில் கொடுத்தேன். அவர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டார். அவன் விழிக்கவே இல்லை. அடுத்தடுத்து ஒவ்வொரு பிள்ளையாகக் கை மாறியது. வேனைவிட்டு இறங்கும்போதுதான் அழுதார்கள். புது ஆள் தூக்கியதற்காக அழுத அழுகை அது. தெலுங்குச் சிறுமி கடைசியாகப் போனாள். தூக்கியவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

என்னை டிரைவர் அண்ணன் கையைப் பிடித்து இழுத்து வந்தார். இடுப்பளவு ஓட்டத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்ததில் எதுவும் எனக்கு ஒழுங்காக நினைவில்லை. கயிற்றின் நார் உள்ளங்கையைக் கிழித்தது மட்டும் நினைவிருக்கிறது.

கரையில் ஒரு கொட்டகைக்குள் பிள்ளைகளை நிறுத்தியிருந்தார்கள். எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஆறு.

"அண்ணா, சின்னவன் இல்ல."

டிரைவர் அண்ணன் முகம் வெளுத்தது. "குடுத்தீங்களே மிஸ்."

கொடுத்தேனா? கொடுத்தேன் என்று நினைவு இருந்தது. ஆனால் அந்த நினைவை நம்ப முடியவில்லை. பைகளின்மேலேயே விட்டுவிட்டேனோ? கொடுத்தபோது நழுவியிருப்பானோ? அப்போது நான் என்ன செய்தேன் என்று மற்றவர்கள் பிறகு சொல்லித்தான் தெரியும். கயிற்றைக்கூடப் பிடிக்காமல் தண்ணீருக்குள் திரும்ப இறங்கினேனாம். ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை, வெறும் சத்தமாகக் கத்தினேனாம். இரண்டு பேர் என்னை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்.

ஓர் அம்மா தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். "யம்மா, யம்மா, புள்ள எங்க வூட்ல கீறான்மா. எங்கூட்டுக்காரு நேரா வூட்டுக்கே தூக்கினு வந்துட்டாரு. துணி மாத்திப் படுக்க வச்சிருக்கேன். இன்னும் தூங்கிக்கினு கீறான்."

போய்ப் பார்த்தேன். யாருடையதோ பெரிய பனியனுக்குள் சுருண்டு, வாயைத் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மூக்கில் கையை வைத்துப் பார்த்தேன். பிறகு அந்த வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா டம்ளரில் காபி கொடுத்தார். அதை என்னால் பிடிக்க முடியவில்லை. அவரே என் வாயில் வைத்துக் குடிக்கவைத்தார்.

சாயங்காலம் டிராக்டர் வைத்து வேனை இழுத்தார்கள். பெற்றோர் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரும் அன்று ஒன்றும் கேட்கவில்லை.

மழை விட்டுப் பள்ளி திறந்ததும் கேட்க வந்தார்கள். அதற்கு முன் மேடம் என்னையும் டிரைவர் அண்ணனையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"தண்ணி முட்டிக்குக் கீழதான் இருந்துச்சின்னு சொல்லிடுங்க. சும்மா வண்டி ஸ்டார்ட் ஆவலன்னு எறக்கினோம். அவ்வளவுதானே?" என்றார். பிறகு என்னை மட்டும் பார்த்து, "ஸ்கூல் நல்லா இருந்தாத்தான்மா நம்ம எல்லாருக்கும் நல்லது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. துடைத்த கண்ணாடியையே அவர் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவருக்கும் பயம் இருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

பெரிய வகுப்பறையில் பெஞ்சுகளில் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் ஆங்கிலமும் தமிழும் கலந்து நிறையப் பேசினார். பின்னால் சுவரில் சாய்ந்து டிரைவர் அண்ணன் நின்றார். தூங்கிய பையனின் அப்பா எழுந்தார். மேடத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மிஸ், நீங்க கூடவே இருந்தீங்க. தண்ணி எவ்ளோ இருந்துச்சி?"

மேடம் என்னைப் பார்ப்பது பார்க்காமலே தெரிந்தது. முட்டிக்குக் கீழே என்று சொல்ல வாயைத் திறந்தேன் என்பதுதான் உண்மை. ஆனால் அந்த மனிதர் கண்ணை எடுக்கவில்லை. அவருக்குப் பதில் ஏற்கெனவே தெரியும். ஊரில் கயிறு பிடித்தவர்களை அவர் கேட்காமலா இருந்திருப்பார்? நான் என்ன சொல்கிறேன் என்றுதான் பார்த்தார்.

"சீட்டைத் தொட்டுச்சிங்க" என்றேன். "வேன் நகர்ந்துச்சி. நான் ரொம்பப் பயந்துட்டேன்."

அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நான் சத்தமாகப் பேசிய முதல் தமிழ் அதுதான். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு பெரிய சத்தம். ஓர் அப்பா மேசையைத் தட்டினார். ஓர் அம்மா அழுதார். டிரைவரை உடனே நிறுத்த வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். தெலுங்குச் சிறுமியின் அப்பா எழுந்து, "எறங்கிப் போயி ஆளுங்களைக் கூட்டினு வந்ததும் அந்தாளுதான்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கடைசியில், மழை பெய்தால் அந்த வழியில் வேன் போகாது, பெற்றோரே வந்து அழைத்துப்போக வேண்டும் என்று முடிவானது. இரண்டு பிள்ளைகள் பள்ளியைவிட்டுப் போனார்கள். டிரைவர் அண்ணன் தப்பினார்.

மேடம் அதற்குப் பிறகு வெகுநாள் என்னோடு பேசவில்லை. அடுத்த வருடம் என்னை வைத்துக்கொள்ளமாட்டார் என்று தினமும் பயந்துகொண்டிருந்தேன். வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பயம் ஒன்றும் போய்விடவில்லை. வகுப்பில் இருக்கும்போது தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தால் இப்போதும் முதலில் பிள்ளைகளை எண்ணுவேன். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இன்னொரு முறை எண்ணுவேன்.

அந்தக் கூட்டம் நடந்து சில வாரம் கழித்து ஓர் இடைவேளை. மழைக்காலம் முடிந்து நல்ல வெயில். மைதானத்தில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டு வராந்தாவுக்கு வந்தேன். யூகேஜி பிள்ளைகள் வேப்பமரத்தடியில் பெஞ்சைக் கவிழ்த்துப்போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் என்ன விளையாட்டு என்று புரியவில்லை. பிறகு புரிந்தது. பெஞ்சுதான் வேன். ஒரு பையன் டிரைவர், வேட்டியை மடித்துக் கட்டுவதுபோலப் பாவனை செய்தான். ஒருவன் தரையில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். அந்தச் சின்னப் பையனேதான். தனக்கு நினைவில்லாத நாளை மற்றவர்கள் சொல்லக் கேட்டு நடித்துக்கொண்டிருந்தான். சுற்றியிருந்தவர்கள் தமிழில் கத்தினார்கள், "தண்ணி வருது, தண்ணி வருது."

தெலுங்குச் சிறுமி பெஞ்சுக்கு நடுவில் நின்றாள். அவள்தான் மிஸ். சுவரோரம் நிற்கும் பெண் நடுவில் நின்று எல்லாரையும் அதட்டினாள். "சிட் ப்ராப்பர்லி. ஹேண்ட்ஸ் ஆன் யுவர் லேப்" என்றாள். என் குரல் அப்படியே இருந்தது. அந்த ஏற்றம், அந்த மெலிசு, வார்த்தைக்கு வார்த்தை விடும் அந்த இடைவெளி. சிரிப்பு வந்தது எனக்கு. பிறகு அவள் கைகளைப் பார்த்தேன்.

இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை உதறிக்கொண்டே இருந்தாள். குரல் நேராக நிற்க, கை மட்டும் தனியாக நடுங்கியது. முழங்காலையும் ஆட்டினாள். அவள் அதைக் கேலியாகச் செய்யவில்லை. மிஸ் என்றால் அப்படித்தான் இருப்பார் என்பதுபோலச் செய்தாள். சுற்றியிருந்தவர்கள் யாரும் அதற்குச் சிரிக்கவும் இல்லை.

அன்று வேனில் என் குரலை மட்டும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே கிழமைகளையும் மாதங்களையும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

என்னையறியாமல் படியிறங்கி வெயிலில் அவர்கள் பக்கத்தில் போய் நின்றிருந்தேன். அந்தச் சிறுமி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உதறிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, என் காலடியைக் காட்டினாள்.

"மிஸ், அங்க நிக்காதீங்க" என்றாள், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, தமிழில். "அங்க தண்ணி இருக்குது."

காய்ந்த மண்தான். நான் காலை எடுத்து அவள் பக்கமாக நகர்ந்துகொண்டேன்.